பார்த்ததை மட்டும் எழுதவும்

மனிதர்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை என்பது டோக்கன் அம்மாவின் எண்ணம். ஆஸ்பத்திரி முன்மேசையில் இருபத்திரண்டு வருஷமாக டோக்கன் கொடுப்பவள் அவள். வாசலில் கால் வைக்கும்போதே ஆளை எடை போட்டுவிடுவாள். அப்பேர்ப்பட்டவளைப் போய், 'பிற பண்பாட்டினரோடு பழகும் முறை' என்ற சனிக்கிழமை வகுப்புக்கு நிர்வாகம் அனுப்பிவைத்தது.

அவளுடைய முதல் கட்டுரை சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. மகன் வயசுகூட ஆகாத ஆசிரியை, 'திமிர் பிடித்த குடும்பம்' என்பதைச் சுழித்து, 'இது அபிப்பிராயம்' என்று எழுதியிருந்தாள். 'கஞ்சப் பிசினாறி'க்கும் அதே கதிதான். கடைசியில் ஒரு குறிப்பு: வேறு மொழி பேசும் வீட்டில் ஒரு மணி நேரம் இருங்கள், பார்த்ததை மட்டும் எழுதவும்.

அதற்கும் வழி இருந்தது. மகன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண் வேற்று மொழிக்காரி. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெண் வீட்டுக்கு முதன்முதலாகப் போவதாக ஏற்பாடு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, அத வீட்லயே வச்சிட்டு வாயேன்" என்று மகன் கெஞ்சினான். "அவங்க ஏற்கெனவே யோசிச்சுக்கிட்டு இருக்காங்க. உன்னப் பாத்துட்டுதான் முடிவு சொல்லுவாங்க."

"நான் பாக்காத மனுஷங்களாடா? நீ சும்மா வா."

அங்கே போய் அவள் அடித்த கூத்தை என்னவென்று சொல்ல! பெண்ணின் அப்பா இருமினால் ஒரு வரி, அம்மா தட்டை நகர்த்தினால் ஒரு வரி. பரீட்சை ஹாலில் மாட்டிக்கொண்டவர்களைப் போல அந்தக் குடும்பமே விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. மகன் சோபாவில் நெளிந்தான். சரியாக ஒரு மணி நேரம் ஆனதும், "எழுதியாச்சு" என்று எழுந்தாள் டோக்கன் அம்மா. எழுதி முடித்த பெருமையில் நோட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மகன் நோட்டோடு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அவங்கம்மாவுக்கு நம்ம எழுத்து தெரியாது. பொண்ணுதான் ஒரு வரி விடாம படிச்சுச் சொல்லியிருக்கா."

"சொல்லட்டுமே! ஒரு வார்த்த தப்பா எழுதல. 'அப்பா நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்'னு எழுதினேன். பாத்தாரா, இல்லியா?"

"பாத்தாரும்மா. அதுக்கப்புறம் அவங்கம்மா சொல்லச் சொல்ல, இவ நம்ம பாஷையில ஒரு பக்கம் எழுதியிருக்கா. இன்னும் முடிவு சொல்லல. இத உன்கிட்ட காட்டச் சொன்னாங்க, அவ்ளோதான்."

பக்கத்தைப் புரட்டினாள்.

'பையனின் அம்மா நாலு மணிக்கு வந்தார். மூன்று தடவை தண்ணீர் குடித்தார். பேனாவைக் கீழே வைக்கவில்லை. எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் பெண் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளை அவர் ஒரு தடவையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.'

டோக்கன் அம்மாவுக்குச் சுருக்கென்றது.

"என்ன கொழுப்பு இருந்தா என் நோட்டுலயே எழுதுவாங்க! இதெல்லாம் வெறும் அபிப்பிராயம்டா. இரு, காட்டுறேன்."

சிவப்புப் பேனா ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். முதல் வரியில் வைத்தாள். சுழிக்க ஒன்றும் இல்லை. அடுத்த வரிக்குப் போனாள், அதற்கும் அடுத்ததற்குப் போனாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். எல்லாம் நடந்ததுதான். திமிர் என்றோ, மரியாதை தெரியாதவள் என்றோ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் சண்டைக்காவது போயிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பேனாவை மூடி வைத்தாள். பிறகு மகன் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்:

"டேய், அந்தப் பொண்ணு மூக்குக்கண்ணாடி போட்டிருக்குமா?"

மகன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"போட்டிருக்கும்மா."

"வண்டிய எடு" என்றாள் டோக்கன் அம்மா.