திரும்பிப் பார்க்காத குதிரைக்காரன்

"சுட்டான், கும்பிடு வாங்காமக் கிளம்பிட்டான். அவன் ஆம்பளை! அதுதான் படம்!"

"கும்பிடு யாரு குடுத்தா? அந்தப் பொம்பளை வாசல்ல ஏங்கிப் போயி நிக்கிறா. பதில் சொல்லாம ஓடுறவனுக்குப் பேரு வீரனா, டிரைவரே?"

மலையம்மாள் மிக்சியை நிறுத்தினாள். சட்னி பாதியில் கிடக்கலாம்; பக்கத்து வீட்டுச் சண்டை காதில் பாதியாக விழக் கூடாது.

பக்கத்து வீடு ஜெயமேரியுடையது. புருஷன் போன பிறகு திராட்சைத் தோட்டத்தைத் தனியாகப் பார்க்கிறவள். கத்தியது பீட்டர்ராஜ். அவனும் பெண்டாட்டியை இழந்தவன். ஏலத்தோட்டத்துக்குக் குமுளி வரை ஆள் ஏற்றுகிறான். சாயங்காலமானால் ஜெயமேரி வாசலில் ஜீப் நிற்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீராம். கம்பத்து ஜீப்புகளில் இது ஒன்றுக்கு மட்டும் அப்படியொரு தாகம்.

இன்றைக்குத் தகராறு ஒரு கௌபாய் படத்தால். பழைய படத்தை இளவட்டமாக இருந்தபோது கம்பம் தியேட்டரில் பார்த்தவன் பீட்டர்ராஜ். கொள்ளைக்காரர்களைச் சுட்டு விதவையைக் காப்பாற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவான் குதிரைக்காரன். அதையே இப்போது புதிதாக எடுத்திருக்கிறார்கள். ஜெயமேரி போனில் தமிழில் பார்த்துவிட்டாள்.

"புதுசுல அவ குதிரைக்கு முன்னால வந்து நிக்கிறா. இருக்கியா, போறியா, சொல்லிட்டுப் போங்கிறா."

"பொம்பளை வழிமறிச்சா அது கௌபாய் படமா? சீரியலு!"

"நானும் இப்ப மறிக்கிறேன்." குரல் இறங்கிவிட்டது. மலையம்மாள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். "தேவதானப்பட்டியில இருந்து பொண்ணு கேட்டு வந்தாக. வாத்தியாரு. என்ன சொல்லட்டும்?"

ஜீப் கிளம்பும் சத்தம்தான் வந்தது. தண்ணீர் ஊற்றக்கூட மறந்திருந்தான்.

அடுத்த ஞாயிறே மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிட்டார்கள்: மணமகள் ஜெயமேரி, மணமகன் தேவதானப்பட்டி வாத்தியார். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். அந்த நாட்களில் பீட்டர்ராஜின் ஜீப் ஆளேற்றாமல் தெருவில் மேலும் கீழும் ஓடியது. நிற்கவில்லை. டீசல் விற்கிற விலையில்!

கடைசி ஓலைக்கு, சுருளி வேலப்பருக்கு விளக்குப் போடுகிற மலையம்மாள் மெழுகுவர்த்தியோடு மாதா கோயிலில் போய் உட்கார்ந்தாள். திடீர் வேண்டுதல்.

சாமியார் வாசித்து நிறுத்தியதும் கடைசி வரிசையில் பீட்டர்ராஜ் எழுந்தான்.

"சாமி, அந்தப் பழைய படத்துல முடிவு சரியில்ல. அவன் குதிரைய விட்டு இறங்கியிருக்கணும்."

சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தவள் திரும்பினாள்.

"படம் முடிஞ்சு, விளக்குப் போட்டு ஆளெல்லாம் வெளிய வந்தப்புறம் டிக்கெட் கேக்குறீகளே, டிரைவரே."

அவள் குரல் நடுங்கியதாக மலையம்மாள் தெருவெல்லாம் சொன்னாள். முன்வரிசையில் இருந்தவர்கள் இல்லை என்கிறார்கள்.

ஜெயமேரி வாத்தியாரைக் கட்டிக்கொண்டு தேவதானப்பட்டிக்குப் போய்விட்டாள், தோட்டம் குத்தகைக்கு. பீட்டர்ராஜ் குமுளிக்கே குடிபோய்விட்டான். அங்கே ஒரு சாயாக்கடைக்காரி வாசலில் இப்போது ஜீப் தண்ணீர் குடிக்கிறதாம். இந்தத் தடவையாவது இறங்கிக் கேட்டானா என்று தெரியவில்லை. மலையம்மாளுக்கு அடுத்த வாரம் குமுளியில் மிளகு வாங்க வேண்டியிருக்கிறது.