திரும்பாத பூமராங்

சவூதியின் அல் கோபாரில் ரிபாயின் கடைக்கு வாடிக்கையாக வந்த ஆஸ்திரேலியர், ஊருக்குக் கிளம்பும்போது பழங்குடியினர் செதுக்கிய பூமராங் இரண்டைப் பரிசாகக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ரிபாய் மனைவி ஹிஃப்ஸாவோடு ஆளில்லாத மணல்வெளிக்குப் போய் ஒன்றை வீசினார். அது திரும்பவில்லை. வேர்க்க விறுவிறுக்க நடந்துபோய் எடுத்து வந்தார். எத்தனை தடவை வீசினாலும் அதே கதைதான். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"வெள்ளைக்காரன் ஏமாத்திட்டான்."

"இது கங்காரு வேட்டைக்கு உள்ளது மச்சான், திரும்பாது. ரெண்டையும் தட்டித் தாளம் போட்டும் பாடுவாங்களாம். அவர் வீட்டம்மா அன்னைக்கே சொன்னாங்க."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சுகருக்கு டாக்டர் நடக்கச் சொல்லி எத்தனை மாசம் ஆச்சு? இன்னைக்குத்தானே நடந்திருக்கீங்க."

ரிபாய் அவளை முறைத்தார். பிறகு, இன்னும் கொஞ்சம் தூரமாகவே வீசினார்.