சபைத் தப்பு

பேரிகையிலிருந்து என்ஜினீயர் படிப்புக்குப் போன முதல் ஆள் மாதப்பன். 1955 ஜூன் கடைசியில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஜமுக்காளமுமாக ஓசூரில் பஸ் மாறி, பெங்களூர் காலேஜில் போய்ச் சேர்ந்தான். சேலத்தில் இன்டர்மீடியட் முடிக்கும்வரை வேட்டிதான். இங்கே கால்சராய் போட்டுக்கொண்டு உயரமான முக்காலியில் உட்காரவே ஒரு மாதம் பழக வேண்டியிருந்தது. கணக்கு அவனுக்கு முன்னால் ஓடியது; இவன் பின்னால் ஓடினான். லேத்துப் பட்டறையில் கை கிழிந்தது. டிராயிங் ஒன்றுதான் சொன்னபடி கேட்டது. பலகை மேல் தாளைப் பொருத்தி, கூர்சீவிய பென்சிலை வைத்தால் கோடு நேராகப் போய் நிற்கும். டிராயிங்கில் தேறாதவனுக்கு இரண்டாம் வருஷம் கிடையாது என்பதால், அந்த ஒன்றை நம்பியே அவன் நடமாடினான்.

"ஒரு வருசம் தவறிப்போச்சுன்னா அங்க நிக்காத. வந்து ஏரப் புடி" என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான்.

அறைத்தோழன் முனிராஜ் கிருஷ்ணகிரிக்காரன், தாலுகா ஆபீஸ் தலைமை குமாஸ்தா மகன். டிசம்பரில் ஒருநாள், "ஏன்டா மாதப்பா, உன் தாளக் கொஞ்சம் குடு. அளவு சரிபாத்துட்டுத் தர்றன்" என்றான். ஊர்க்காரன் கேட்டு இல்லையென்று சொல்லி மாதப்பனுக்குப் பழக்கமில்லை. கொடுத்தான். முனிராஜ் அதைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, அடியில் விளக்கேற்றி, தன் தாளில் கோடுகளை அப்படியே இழுத்துவிட்டான்.

திங்கட்கிழமை புரொபசர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். மாதப்பன் ஓர் இடத்தில் இரண்டே கால் அங்குலத்தை இரண்டரை என்று எழுதியிருந்தான். முனிராஜ் தாளிலும் அதே மூலையில் அதே இரண்டரை.

"இரண்டு பேர் ஒரே மாதிரி சரியாகப் போடலாம். ஒரே மாதிரி தப்பாக எப்படிப் போட முடியும்? யார் யாரைப் பார்த்தது?"

முனிராஜ் நொடியும் தாமதிக்கவில்லை. "என் தாள் மேசைமேல்தான் இருந்தது சார். இவன் எடுத்தானா என்று எனக்குத் தெரியாது" என்று இங்கிலீஷில் மளமளவென்று சொன்னான்.

மாதப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கன்னடத்திலேயே சொல்லியிருக்கலாம், அது அவனுக்கு நன்றாகவே வரும். ஆனால் பேரிகையில் வழக்கென்று வந்தால் வயசுப்பையன் தனக்காகத் தானே வாய் திறப்பதில்லை. தாய்மாமன் எழுந்து பேசுவார். தானாகப் பேசுகிறவனிடம்தான் கோளாறு என்று கூட்டம் முடிவுகட்டிவிடும்.

"எங்க மாமா வந்து பேசுவார் சார்" என்றான். வகுப்பு சிரித்தது. புரொபசர் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை அழைத்து வா" என்றார்.

கடிதம் கிடைத்து மாமன் திம்மப்பன் சனிக்கிழமை காலையிலேயே வந்து இறங்கினார். வெளுத்த தலைப்பாகை, கருக்கு மடியாத அங்கவஸ்திரம். காலேஜ் வாசலில் நிறுத்தி மாதப்பன் வழக்கைச் சொன்னான்.

"என் தாள்ல வட்டத்து நடுவுல கம்பாஸ் முள்ளு குத்துன ஓட்ட இருக்கும் மாமா. அவன் வெளிச்சத்துல பாத்துக் கையால இழுத்தது. ஓட்டயே இருக்காது."

"அவ்வளவுதானா? ஓட்டயப் பாருங்க சாமின்னு சொன்னா முடிஞ்சுது. நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறன்."

அறைக்குள் போனதும் மாமன் செருப்பைக் கழற்றினார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டினார். மேசைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, கன்னடத்தில், "தப்பாகிவிட்டது சாமி, பையனை மன்னிக்க வேண்டும்" என்றார்.

ஊரில் அதற்குச் சபைத் தப்பு என்று பெயர். நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருக்கிறவனும் அதைச் சொல்லித்தான் தொடங்குவான். கூட்டம் "எழுந்திரு, சொல்லு" என்னும். வழக்கு அதற்குப் பிறகு.

புரொபசர் பதறி எழுந்தார். "எழுந்திருங்கள், எழுந்திருங்கள்" என்றார். "சொல்லு" என்று சொல்லவில்லை. உட்கார்ந்து, பேனாவை மைக்கூட்டில் தோய்த்து எழுதத் தொடங்கினார்.

"இப்போதுதான் வழக்கையே சொல்லப் போகிறேன் சாமி..."

"இனி என்ன வழக்கு? ஒப்புக்கொண்டீர்களே, அதுவே பெரிது. காலேஜை விட்டே அனுப்பலாம் என்று இருந்தேன். உங்கள் முகத்துக்காக விட்டுவிடுகிறேன்."

'இல்லை சார்' என்ற சொல் மாதப்பனின் நாக்கு நுனிவரை வந்தது. மாமன் பேச நிற்கும் இடத்தில் குறுக்கே பேசுவதா? விழுங்கிக்கொண்டான். புரொபசர் சீட்டை அவன் கையில் கொடுத்தார். காப்பாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இவ்வருட டிராயிங் தாள்கள் அனைத்தும் ரத்து. இங்கிலீஷில் இரண்டே வரி.

மாமன் காதில் 'விட்டுவிடுகிறேன்' மட்டும்தான் விழுந்திருந்தது. அத்திப்பள்ளி தாண்டும்வரை உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தார். அவரை வழியனுப்ப மாதப்பனும் ஓசூர்வரை கூடவே வந்தான். பஸ் ஸ்டாண்டில் மாட்டுத் தரகர் ராமப்பன் எதிர்ப்பட்டார்.

"என்னா திம்மப்பா, பெங்களூர்ப் பக்கம்?"

"அக்கா பையனுக்கு அங்க ஒரு சிக்கல். போனன், சபைத் தப்புச் சொன்னன். அந்தப் பெரிய மனுசன் எழுந்தே நின்னுட்டாரு பாரு! எம் முகத்துக்காக விட்டுட்டாரு."

"உன் வாய்க்குக் கேக்கணுமா?"

"கெடுத்தியே, போதாதா!" என்றான் மாதப்பன்.

பேரிகை பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு நிறுத்த முடியவில்லை. "நீ விழுந்ததத்தான் அந்தாளு ஒப்புதல்னு எழுதிட்டான். என் வருசம் போச்சு. அப்பா இனி என்ன அனுப்பமாட்டாரு. நீ வராமயே இருந்திருக்கலாம்."

ராமப்பன் எதையோ தேடுகிறவர்போல மெல்ல நகர்ந்துபோனார். மாமன் இடுப்பில் இன்னும் கட்டியே இருந்த அங்கவஸ்திரத்தை அவிழ்த்துத் தோளில் போட்டார். கோபப்படுவார் என்று மாதப்பன் எதிர்பார்த்தான், கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அந்தாளு எழுதறது உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஓட்டயப் பாருங்கன்னு ஒரு வார்த்த. அத ஏன்டா சொல்லல?"

உங்களை மீறிப் பேசக்கூடாதென்றுதான் என்று சொல்ல வாயெடுத்தான். இத்தனை பேர் நடுவில் இப்போது பேசி முடித்த வாய்க்கு அந்தப் பதில் பொருந்தவில்லை. பேரிகை பஸ் வந்து நின்றது. மாமன் ஏறி, அவன் நிற்கும் பக்கம் இல்லாத ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.