படியேறி வந்த காய்ச்சல்கள்

பீலெஃபெல்ட் நகரின் குழந்தை மருத்துவர் பவுலா லோவன்ஸ்டைனிடம் நோயாளிகள் போகக் கூடாதென்று 1938இல் சட்டம் வந்தபோது, காய்ச்சல்கள் தனியாக வரத் தொடங்கின. யூதர் எவரும் இனி மருத்துவரல்லர் என்று நாஜி அரசு அறிவித்திருந்தது. காய்ச்சல்கள் அந்த அறிவிப்பை வாசிக்கவில்லை. பிள்ளை எதிர்வீட்டில் படுத்திருக்கும். காய்ச்சல் மட்டும் மரப்படிகளைச் சூடாக்கிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறி, கதிரையில் உட்காரும். பவுலா வெறுங்கதிரையில் உள்ளங்கையை வைத்து, இது சின்னமுத்து, இது தொண்டை வீக்கம் என்று கண்டுபிடித்து, கதிரையின் கால்களுக்கு ஈரத்துணி சுற்றுவார். எதிர்வீட்டுப் பிள்ளை வியர்த்து எழுந்து பால் கேட்கும். தெருவில் அவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட தாய்மாருக்கும் இது தெரியும். அவர்கள் நன்றி சொல்லவில்லை. பவுலா அதற்காகக் காத்திருக்கவுமில்லை.

பொலிஸ்காரர் ஒருவர் வந்து, யாருக்கு வைத்தியம் பார்க்கிறாய் என்று கேட்டார்.

"கதிரைக்கு. அதைத் தடுக்கிற சட்டம் இருந்தால் காட்டுங்கள்" என்றார் பவுலா.

கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்பின் காய்ச்சல்களை மடியில் வைத்துப் பார்த்தார். பாவாடை கருகியது, வேலை நிற்கவில்லை. 1941 மார்கழியில் அவரைக் கிழக்கே ரீகா நகருக்குப் போகும் ரயிலில் ஏற்றினார்கள். அங்கே ஒரு காட்டில் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த மாரிக் குளிரில் படியேறி வந்த காய்ச்சல்கள் பூட்டிய கதவடியில் நின்றுவிட்டன. பிள்ளைகள் பிழைத்தார்கள், ஆனால் நெற்றியின் இளஞ்சூடு ஆறவில்லை. எண்பது வருடமாக அந்தப் படிக்கட்டுக்கு ஹீட்டர் தேவைப்படவில்லை. குடியிருந்தவர்கள் காரணம் கேட்கவில்லை.

கேட்டவள் பிரபாலினி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த செல்லத்தின் மகள். அவளும் குழந்தை மருத்துவர். மேல்மாடியை வாடகைக்கு எடுத்தவள். கதவுத் திறப்போடு முன்னால் ஏறிய செல்லம் பாதிப்படியில் நின்று, "பிள்ளை, இஞ்சை ஆரோ காய்ச்சலோடை நிக்கினம்" என்றார். பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும் என்றார் வீட்டுக்காரர். பிரபாலினி விடவில்லை. தெருவில் வீடு வீடாக விசாரித்தாள். பலர் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு முதியவர் மேல்மாடியில் இருந்த மருத்துவரின் கதையைச் சொன்னார். பவுலாவின் பெயரைப் பித்தளையில் வெட்டி, வாசலில் தன் பெயருக்கு மேலே பதித்தாள். வேலை பார்க்கும் மருத்துவரின் பெயரைத்தான் போடலாம் என்று வீட்டுக்காரர் மறித்தார். இவருடைய நோயாளிகள் இன்னும் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

"இவ்வளவு பேரையும் உனக்குப் பாக்க ஏலுமோ?" என்றார் செல்லம்.

"ஓம் அம்மா. ஒண்டொண்டாய் வரட்டும்."

காய்ச்சல்கள் அப்படியே வந்தன. ஒவ்வொன்றும் ஆறி இறங்கிப் போனபோது, நகரில் எங்கோ எண்பது தாண்டிய ஒருவர் வியர்த்து எழுந்தார். அவர்களில் சிலர் கைத்தடியோடு வாசலுக்கு வந்து, மேலேயிருந்த பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டுப் போனார்கள். மாரி தொடங்கியபோது படிக்கட்டு குளிர்ந்தது. வீட்டுக்காரர் ஹீட்டர் பொருத்தினார்.