கொடுவா உணவகத்தில் ஏறும் தண்ணீர்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழ்புத்துப்பட்டுக்குச் சற்று முன்னால் வலது கைப் பக்கம் இருக்கும் கொடுவா உணவகத்தில், தினமும் காலை பதினோரு மணிக்கு மேசைகளுக்கு அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஏறுகிறது. மதியம் நாலு மணிக்குள் அது உப்பாகிவிடும். பரிமாறுகிறவர்கள் அதைப் பலகையால் வாரி வாசலில் இருக்கும் நீல டிரம்மில் கொட்டுகிறார்கள். சாப்பிட்டுப் போகிறவர்கள் வேண்டுமென்றால் ஒரு பொட்டலம் எடுத்துக்கொள்ளலாம். மீன் ஊறவைக்க நன்றாக இருக்கிறது, ஊறுகாய்க்குச் சரிப்படாது. மழை நாளில் தண்ணீர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை உண்டு. கட்டடத்தில் குழாய் எதுவும் உடையவில்லை என்று மூன்று பிளம்பர்கள் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். நாலாவது ஆளைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஹாலை வடிவமைத்தவள் சந்தியா. திண்டிவனத்துப் பெண், அப்பா பஸ் கண்டக்டர். சென்னையில் பெரிய உள்ளலங்கார நிறுவனம் ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். உட்கார்ந்தவரை எழுப்பிவிடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று அந்தத் தொழிலில் பேச்சு. நாற்காலியின் முதுகை ஒரு விரல் அளவு முன்னால் சாய்ப்பாள், உட்காருகிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் காப்பி குடித்து முடிக்கும்போது வீட்டு ஞாபகம் வந்துவிடும். ரோட்டிலிருந்து பார்த்தால் மஞ்சளாகவும் தட்டின் மேல் வெள்ளையாகவும் விழுகிற மாதிரி விளக்கு வைப்பாள். ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு அவள் வரைந்த சோபாவில் உட்கார்ந்தவர்கள், புகார் சொல்ல வந்தவர்கள், புகாரைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு விருது கிடைத்தது. மேடையேறி வாங்கியவர் முதலாளி. பதினொரு உணவகம், நாலு அலுவலகம், அத்தனையின் வாசலிலும் பித்தளைத் தகட்டில் இருப்பது முதலாளி பெயர்தான். ஒரு நாள் அவள் தன் அப்பாவை அழைத்துப் போய் ஒரு உணவகத்தைக் காட்டினாள். அவர் தகட்டை நிதானமாகப் படித்துவிட்டு, "நல்லாத்தாம்மா செஞ்சிருக்காரு" என்றார். அடுத்த வாரம் சந்தியா வேலையை விட்டாள்.

புதுச்சேரியில் ஒரு பேக்கரி மாடியில் அறை எடுத்துத் தனியாகத் தொழில் தொடங்கியபோது அவளிடம் வந்த முதல் ஆள் வெற்றிச்செல்வன். மஸ்கட்டில் பதினாலு வருஷம் சமையலறையில் வெந்துவிட்டு ஊர் திரும்பியவர். எட்டு மேசைக் கூட்டம், ஒரு மேசைக்கு முப்பத்தைந்து நிமிஷம், அதற்கு மேல் ஒருவரும் உட்காரக் கூடாது, இதுதான் அவர் கேட்டது. சந்தியா கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். வாசலில் அவள் பெயர் போட்ட தகடு இருக்க வேண்டும். கூலியில் குறைத்துக்கொள்ளுங்கள், பெயரில் குறைக்காதீர்கள் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அது ஐப்பசி மாதம், அடைமழை. தரை போடும் ஆட்கள் எல்லாரும் சென்னைப் பக்கம் போய்விட்டார்கள். சந்தியா வரைந்திருந்ததோ பழைய முறைத் தரை: அடியில் களிமண் மிதித்து, மேலே சுண்ணாம்பு போட்டு, அதற்கும் மேல் சிவப்புக் காவி இழைப்பது. ஹாலை எட்டுப் பள்ளமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக் கூட்டம். களிமண் மிதிக்க ஆள் தேடியபோது உப்பளத்துப் பெண்கள் கிடைத்தார்கள். மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது. கொளஞ்சியம்மாள் தலைமையில் எட்டுப் பேர், கொளஞ்சி செட்டு என்றால் மரக்காணத்தில் தெரியும். வரைபடத்தைப் பிரித்துக் காட்டியதும் கொளஞ்சியம்மாள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "பாத்திதானே" என்றாள். சந்தியாவும், ஆமாம், கிட்டத்தட்ட அதேதான் என்று சொல்லிவைத்தாள். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நடந்தது.

மிதித்துக்கொண்டிருக்கும்போது மட்டம் பார்ப்பதற்காகச் சந்தியா ஷூவோடு உள்ளே காலை வைத்தாள். எட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள்.

"இந்தாம்மா, செருப்ப கழட்டு மொதல்ல. எறங்கிட்ட இல்ல, இனிமே மிதிச்சு முடிக்காம ஏறக் கூடாது. பாத்தி அரகொறையா போயிடும்" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"எனக்கு மூணு மணிக்கு பாண்டியில மீட்டிங் இருக்குக்கா."

"இருக்கட்டும். மிதி."

சந்தியா மிதித்தாள். தோளில் கை போட்டுக்கொண்டு ஒன்பது பேர் வரிசையாக அந்த ஹாலை நாலு நாள் மிதித்தார்கள். கடைசி நாள், வேலை முடிந்து கால் கழுவும் முன், கொளஞ்சியம்மாள் மேற்குச் சுவருக்கடியில் உட்கார்ந்து, ஒரு சாண் அகலத்துக்குக் களிமண்ணை வழித்து எடுத்து ஒரு மடை வைத்தாள். பாத்திக்கு மடை வைக்காமல் அவள் முப்பது வருஷத்தில் ஒரு நாளும் எழுந்ததில்லை. இதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று இவளுக்கும் தெரியவில்லை. மேலே சுண்ணாம்பும் காவியும் வந்து மூடிவிட்டன. சுவருக்கு அந்தப் பக்கம் அரை கிலோமீட்டர் தள்ளி உப்பங்கழி.

தை மாதம் உணவகம் திறந்தது. தகடு பளபளவென்று இருந்தது. சந்தியா அப்பாவை அழைத்து வந்து காட்டினாள், அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். பதினோராவது நாள் காலை பதினோரு மணிக்கு, சுவர் ஈரமாகாமலேயே, முதல் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. பத்து நிமிஷத்தில் இரண்டாவதுக்குப் போனது. அளத்தில் தண்ணீர் எப்படிப் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் இறுகி, கடைசிப் பாத்தியில் உப்பாகப் பூக்குமோ, அதே வரிசையில் ஹால் முழுக்க நடந்து எட்டாவது பள்ளத்தில் போய் நின்றது. கூரைக்கடியில் வெயில் ஏது என்று கேட்டால், அந்தத் தரையில் வெயில் இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

முதலில் வந்தவர்கள் பதறிப்போய்க் காலைத் தூக்கினார்கள். பிறகு குளிர்ச்சியாக இருக்கிறது என்று இறக்கினார்கள். இறக்கிய பிறகு எழுந்திருக்கவில்லை. முதல் பள்ளத்தில் உட்கார்ந்தவர்கள் சாலை நெரிசலைப் பற்றியும் பிள்ளைகள் படிப்பைப் பற்றியும் பேசினார்கள். மூன்றாவது, நாலாவதில் பேச்சு கொஞ்சம் கனத்தது. ஏழாவதில் பாதி வார்த்தைகள் போதுமாக இருந்தன. எட்டாவதில் உட்கார்ந்தவர்களிடம், உள்ளே எத்தனையோ வருஷமாகக் கரைந்து கிடந்தது எதுவோ, அது கெட்டியாகிக் கையில் எடுக்கும்படி வெளியே வந்தது. அய்யனாருக்கு மொட்டை போட்டுவிட்டு வந்த பிரம்மதேசத்து அண்ணன் தம்பி இருவர், வரப்புத் தகராறில் ஒன்பது வருஷம் பேசாதவர்கள், இடம் இல்லாமல் அங்கே எதிரெதிராக உட்கார நேர்ந்து, மூன்றரை மணி நேரம் கழித்து ஒரே பைக்கில் போனார்கள். இன்னொரு பைக்கை மறுநாள் வந்து எடுத்துக்கொண்டார்கள். பிறகு எட்டாவது மேசைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியதாயிற்று.

வெற்றிச்செல்வனுக்குத் தலை சுற்றியது. முப்பத்தைந்து நிமிஷ நாற்காலிகளில் ஆட்கள் முதுகைச் சாய்க்காமல் முன்னால் குனிந்து, கன்னத்தில் கை வைத்து, நாலு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் காத்திருந்த குடும்பங்கள் வேறு கடைக்குப் போயின. "மேடம், நான் ஓட்டல் நடத்துறனா, ஆஸ்பத்திரி நடத்துறனா? மாசி முடியறதுக்குள்ள இந்தத் தண்ணிய நிறுத்திக் குடுங்க. இல்லன்னா உங்க பழைய கம்பெனியையே கூப்ட்டு ஒடச்சி வேற போட்டுக்கறேன். அப்புறம் அவங்க பேரதான் போடணும், என்னைத் தப்பா நெனக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை, அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் சந்தியாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தத் தகட்டைத் தவிர உலகத்தில் அவளுடையது என்று காட்ட வேறு எதுவும் இல்லை.

அளத்தில் அப்போது உப்புப் பருவம் தொடங்கியிருந்தது. சந்தியா வரப்பு வரப்பாக நடந்து கொளஞ்சியம்மாளைத் தேடிப் பிடித்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. மடை வைத்தால் தண்ணீர் வராமல் என்ன செய்யும் என்றாள். அடைக்கலாமா என்றதற்கு, "அடைக்கலாம். ஒரு பாண்டு சிமென்ட் போதும். ஆனா கடைசிப் பாத்தி நெறஞ்ச பெறவுதான் அடைக்கணும். முன்னாடியே அடச்சா தண்ணி அடியில பூந்து தரையத் தூக்கிடும்" என்றாள். மறுநாளே கூட வந்தாள்.

பதினோரு மணிக்குத் தண்ணீர் வந்தது. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரடியில், மடை இருக்கும் இடத்தைக் கொளஞ்சியம்மாள் கால் கட்டைவிரலால் காட்டினாள். சந்தியா சிமென்ட் கலந்த இரும்புப் பாண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எட்டாவது பள்ளம் நிறைகிறதா என்று பார்க்க அங்கே போய்த்தான் உட்கார வேண்டும். கொளஞ்சியம்மாள் முதலில் உட்கார்ந்தாள், எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது சந்தியாவே முன்னால் சாய்த்து வரைந்த நாற்காலி. காலைத் தண்ணீரில் வைத்தாள். கொடுவா மீன் குழம்பும் சோறும் வந்தன, யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. தண்ணீர் கணுக்காலைச் சுற்றி மெதுவாக இறுகியது. ஜன்னலில் வெளிச்சம் நகர்ந்து நகர்ந்து எதிர்ச் சுவருக்குப் போனது. பக்கத்து மேசையில் யாரோ தூக்கத்தில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனை நேரம் போனது என்று அவள் பார்க்கவில்லை. பிறகு தன் குரலைத் தானே கேட்டாள்.

"என்னை யாரும் இருன்னு சொன்னதே இல்லக்கா. நானும் யாரையும் சொன்னது இல்ல."

"அதுக்கென்ன, இரு" என்றாள் கொளஞ்சியம்மாள், மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே.

சந்தியா அழுதாள். துக்கத்தில் இல்லை, அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. நாலு மணிக்கு வெற்றிச்செல்வன் வந்து பார்த்தபோது தரையில் உப்பு பூத்திருந்தது, பாண்டில் சிமென்ட் கல்லாகிவிட்டிருந்தது. அவர் பாண்டை ஒருமுறை உதைத்துப் பார்த்தார். "அப்ப பேரை எடுத்துடட்டுமா மேடம்?" என்றார். எடுத்துக்கங்க சார் என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, தாங்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் அந்தச் சாலையில் அவளால் போக முடியவில்லை. சென்னைக்குப் போவதென்றால் திண்டிவனம் சுற்றித்தான் போனாள். அப்பா தகட்டைப் பற்றிக் கேட்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சென்னை நிறுவனம் வந்து நாற்பது நாளில், அடிக் களிமண்ணையும் எட்டுப் பள்ளத்தையும் அப்படியே விட்டு மேல் தரையைப் பெயர்த்து, மூன்று அடுக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, வெளிநாட்டுக் கல் பதித்து, முதலாளி பெயரைச் சோற்றுப் பானை மூடி அளவுத் தகட்டில் போட்டுவிட்டுப் போனது. ஒன்பதாவது நாள் பதினோரு மணிக்குத் தண்ணீர் வந்தது. புகார் செய்ததற்கு, தண்ணீர் ஒப்பந்தத்தில் இல்லை என்று கடிதம் வந்தது. கடிதம் வந்த அன்று வெற்றிச்செல்வன் எட்டாவது பள்ளத்தில் போய் உட்கார்ந்தார். அவர் என்ன சொன்னார் என்பது கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அஸ்வினிக்குத்தான் தெரியும். மறுநாளிலிருந்து நிமிஷக் கணக்கு நின்றது. மெதுவாக வேகிற பதார்த்தங்களாகச் சமைக்கத் தொடங்கினார். உட்கார்ந்தவர்கள் இரண்டு தடவை சாப்பிட்டார்கள். வியாபாரம் படுத்துவிடவில்லை.

வந்தவர்கள் யாரும் தகட்டைப் படிக்கவில்லை. இந்தக் கரையில் நல்ல பாத்தியைப் பார்த்தால் யாருடையது என்று கேட்க மாட்டார்கள், யார் மிதித்தது என்றுதான் கேட்பார்கள். பரிமாறுகிறவர்கள் கொளஞ்சி செட்டு என்று சொன்னார்கள். அடுத்த மழைக்காலத்தில் அதே மாதிரி தரை கேட்டு ஒரு வக்கீல் அலுவலகம் வந்தது, பிறகு ஒரு பத்திர எழுத்தர் கூடம், பிறகு கல்யாணத் தரகர் ஒருவர். கொளஞ்சியம்மாள் புதுச்சேரிக்கு பஸ் ஏறி, பேக்கரி மாடியைக் கண்டுபிடித்து, "படம் போட ஆளு வேணும், வா" என்று சந்தியாவை அழைத்துப் போனாள்.

மூன்றாவது மழைக்காலம், கார்த்திகையில் ஒரு காலை, திண்டிவனத்தில் ஒரு பல் டாக்டரின் காத்திருப்புக் கூடத்தில் ஒன்பது பேரும் களிமண் மிதித்துக்கொண்டிருந்தபோது சந்தியாவின் போன் அடித்தது. பேசியவர் சென்னையிலிருந்து வரும் உள்ளலங்காரப் பத்திரிகையின் ஆசிரியர். கொடுவா உணவகத்தின் தரைக்கு உண்மையில் யார் சொந்தக்காரர் என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டோம், முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம், மேடம் உங்கள் பெயரை மட்டும் சரியாகச் சொல்லுங்கள் என்றார். சந்தியா மிதிப்பதை நிறுத்தினாள். அவள் தோள் மேல் ஒரு பக்கம் செட்டில் ஒருத்தியான குப்பம்மாளின் கை இருந்தது, அவளுடைய கை மறுபக்கம் சின்னப்பாப்பாவின் தோள் மேல் இருந்தது.

"ஒம்போது பேரு சார், எழுதிக்கறீங்களா?"

அவர் தயங்கினார். ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது என்றார்.

"அப்ப எங்க பேரு வேணாம் சார். தரைய மட்டும் போட்டுக்கங்க."

போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். யார் என்று கொளஞ்சியம்மாள் கேட்டாள். பேர் கேட்டாங்கக்கா என்றாள் சந்தியா. "சொல்லிட்டியா?" "இல்ல." "சரி, மிதி." அவர்கள் மத்தியானம் வரை மிதித்தார்கள். திண்டிவனம் கழியிலிருந்து தூரம் என்பதால் அந்தக் கூடத்தில் தண்ணீர் ஏற மணி பன்னிரண்டாகிவிடுகிறது. நோயாளிகள் அதற்குத் தகுந்த மாதிரி டோக்கன் வாங்கிக்கொள்கிறார்கள்.