கீச்சிடாத சைக்கிள்

பின்சக்கரத்தின் ஃப்ரீவீலைத் திறந்தபோது உள்ளேயிருந்து துருப்பொடி கொட்டியது. அர்ச்சுனன் அதை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தான். ஜப்பான்காரர்கள் சைக்கிள்களைப் பிடுங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி விட்டுவிட்டுப் போன அந்தச் சைக்கிளைச் சாக்கில் சுற்றி ரப்பர் காட்டுக்குள் புதைத்தவன் அவன்தான். இரண்டு வருஷம் கழித்து இப்போது தோண்டி எடுத்ததற்குக் காரணம் அவன் மனைவி நல்லம்மாளின் கால். மரவள்ளி நடக் கொத்தியபோது மண்வெட்டி பட்ட சின்னக் காயம் அது. ஒரு மாதத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகி, நடுவில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சுங்கை சிப்புட்டில் மருந்து இல்லை, ஈப்போவுக்குக் கொண்டுபோ என்று அங்கே வைத்தியம் பார்க்கும் டிரசர் சொல்லிவிட்டார். பஸ் நின்றுபோய் வெகுநாளாயிற்று. ரயில் முழுக்கச் சிப்பாய்கள். ஈப்போ பதினேழு மைல்.

டயருக்குக் கவலையில்லை. ரப்பர் ஷீட்டைத் திரித்து ரிம்மில் சுற்றிவிட்டான். எண்ணெய்க்குத்தான் வழியில்லை. தோட்டத்து ஃபேக்டரியில் இன்ஜினுக்கு எண்ணெய் விடும் வேலை பார்த்தவன் அவன். அப்போது பீப்பாய் பீப்பாயாக இருந்தது. எதற்கு எது என்று கை தானாகவே எடுக்கும்.

"தேங்காண்ணெய விடுலா மச்சான்" என்றான் பக்கத்து வீட்டு மாயாண்டி.

"விடியக்காலம் குளிருல ஒறஞ்சிரும். உள்ள இருக்கிற நாக்கு ஒட்டிக்கிச்சுன்னா பெடல் சும்மா சுத்தும், சக்கரம் ஓடாது. ஃப்ரீவீலுக்கு ஒறையாத ஒண்ணு வேணும். அச்சுக் குண்டுக்குக் கெட்டியா ஒண்ணு வேணும்."

உள்ளே படுத்திருந்த நல்லம்மாள் கேட்டாள்: "வெளக்கெண்ண ஒறையாதுல்ல?"

லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் சாக்கடையோரம் ஆமணக்கு காடாக மண்டிக் கிடந்தது. காலைப் பலகைமேல் நீட்டிக்கொண்டு இரண்டு நாள் அவளே விதையை வறுத்து இடித்தாள். உலக்கை விழும்போதெல்லாம் வலி ஏறி முகம் சுருங்கியது. வேண்டாம் என்று அவன் ஒரு தரம் சொன்னான். அவள் கேட்கவில்லை. காய்ச்சி வடித்தபோது ஒரு டம்ளர் தேறியது.

கெட்டியானதற்கு வீட்டிலிருந்த செம்பனை எண்ணெய்தான் மிச்சம். தெலுக் அன்சனிலிருந்து வந்த அரைப் போத்தல். அவித்த மரவள்ளிக்குத் தொட்டுக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்துக் காய்ச்சினால் கிரீஸ் மாதிரி இறுகும் என்று அவனுக்குத் தெரியும். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"கெழங்கு வெறுமனயும் எறங்கும். ஊத்துங்க" என்றாள் நல்லம்மாள்.

மூன்றாம் நாள் விடியலில் கிளம்பினார்கள். கேரியரில் சாக்கை மடித்துப்போட்டு அவளை உட்கார வைத்தான். இலைகளிலிருந்து பனி சொட்டியது. ஃப்ரீவீல் வழுக்கவில்லை. செயினிலும் சத்தமில்லை. முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"ஓடுதான்னே தெரியல" என்றாள். அவன் மேட்டில்கூட இறங்காமல் மிதித்தான்.

செம்மோர் பக்கம் பாலத்தில் காவல் இருந்தது. அவர்களுக்கு முன்னால் ஒரு சீனக் காய்கறிக்காரர் இறங்கிக் குனிந்து வணங்கினார். அவருடைய சைக்கிள் நகரும்போதெல்லாம் கீச்சிட்டது. சிப்பாய் முகத்தைச் சுளித்துப் போகச் சொல்லிக் கையசைத்தான்.

அர்ச்சுனன் அவளை இறக்கி நிறுத்தினான். இருவரும் குனிந்து நிமிர்ந்தார்கள். சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும். பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டான். அது சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். பிறகு ஏறிச் சாலையில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பினான்.

"பாகுஸ்" என்றான். நல்லாயிருக்கு.

"பினி சாக்கிட், துவான்" என்றான் அர்ச்சுனன், பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை ஐயா என்று தெரிந்த மலாயில். குனிந்து அவள் காலின் துணிக்கட்டை அவிழ்த்தே காட்டினான். சிப்பாய் புண்ணைப் பார்த்தான். ஒரு கணம் அவன் கண் அங்கேயே நின்றது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை உருட்டிப் போய்க் காவல் கொட்டகைக்குள் சாத்தினான். திரும்பி வந்து, நடந்து போங்கள் என்று துப்பாக்கி முனையால் சாலையைக் காட்டினான்.

ஒரு அச்சையாவது காய விட்டிருக்கலாம். செயினிலாவது கொஞ்சம் துருவை விட்டிருக்கலாம். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று அர்ச்சுனனுக்குத் தெரியவில்லை.

பாலம் தாண்டியதும் அவள் மைல்கல்மேல் உட்கார்ந்தாள். ஈப்போவுக்கு இன்னும் பத்து மைல். வீட்டுக்கு ஏழு.

"எந்தப் பக்கம் போலாம்?" என்றான்.

அவள் தன் காலைப் பார்த்தாள். "வீட்டுக்குப் போயி என்னா செய்ய?"

அவன் முன்னால் குந்தினான். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உடம்பில் கனமே இல்லை. காலில் சுற்றிய துணியிலிருந்து நீர் கசிந்து அவன் இடுப்பு வேட்டியை நனைத்தது. ஈக்கள் கூடவே வந்தன. கால் மைல்கூட நடந்திருக்க மாட்டான், பின்னாலிருந்து ராணுவ லாரி வரும் சத்தம் கேட்டது. அவன் புல்லுக்குள் ஒதுங்கிச் சாலையைப் பார்த்து நின்றான். குனியாவிட்டால் சிப்பாய்கள் இறங்கி அடிப்பார்கள். அவளை இறக்கிவிட நேரமில்லை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தான். முதுகிலிருந்த அவளும் அவனோடு சாய்ந்தாள். அவிழ்ந்த கூந்தல் அவன் முகத்தின் மேல் விழுந்து மறைத்தது. லாரிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருந்தன.