மூன்றாம் அங்கத்துத் தாய்

நாடகாசிரியர் பென்ரோஸை லண்டனே தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. அவருக்கு என் கதையைச் சொன்ன வாய் என்னுடையதுதான். யாரைக் குறை சொல்ல?

நாடகக் கம்பெனியில் உடை தைப்பவள் நான். ஒத்திகையின்போது அவர் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே உளறிவிட்டேன். பதினேழு வயதில் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றேன். எங்கள் தெரு வழக்கப்படி, அதைத் தன் கடைசிப் பிள்ளை என்று அம்மா ஊருக்குச் சொல்லிவிட்டாள். வின்னி இன்றும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள்.

"நாடகத்துல பேரை மாத்திட்டேன் ஹெஸ்டர், கவலைப்படாதே" என்றார் பென்ரோஸ்.

பெயரை மட்டுமா மாற்றினார்? மூன்றாம் அங்கத்தில் அந்த நாடகத்துத் தாய் நாலு பேர் பார்க்க நிமிர்ந்து நின்று, "நான்தான் உன்னைப் பெத்தவ" என்கிறாள். அவளை ஆற்றில் விழுந்து சாகவைத்தால் மேடையேற்ற லைசென்ஸ் தருகிறோம் என்றார்களாம் தணிக்கை அதிகாரிகள். இவர் முடியாது என்றுவிட்டார். அதனால் லைசென்ஸ் இல்லாமலே ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு நாடகச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு மட்டும் நடந்தது. சீமாட்டிகள் அழுது தீர்த்தார்கள். புத்தகமாக வந்ததும் நாடே பேசியது. இனி இங்கிலாந்தில் பழைய மாதிரி நாடகம் எழுத முடியாது என்று பத்திரிகைகள் எழுதின. என்னைப் போன்றவர்களுக்காகப் பாதிரியார்கள்கூடப் பரிந்து பேசினார்கள்.

எனக்கும் தைரியம் வந்தது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் வின்னி சனிக்கிழமை தேநீருக்கு வருவாள். அன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வந்தவள் கையில் அந்தப் புத்தகம் இருந்தது.

"அக்கா, விவாத மன்றத்துல இதைப் பத்தி நான்தான் பேசப்போறேன். கேளேன்." நாற்காலியில் ஏறி நின்றாள். "பெத்த பிள்ளைகிட்டயே பொய் சொல்லி வாழுறவ கோழை. அவளுக்குத் தாய்ங்கிற பேரு எதுக்கு?"

"பாவம்டி, பயந்திருப்பா."

"ஒரு நாள் பயப்படலாம். வருஷக்கணக்கா பயந்தா அது பயமில்லக்கா, சொகுசு. இந்த நாடகத்துல வர்றவளை நேர்ல பாத்தா கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுப்பேன். இப்படிச் சொல்லாம மறைக்கிறவ எனக்குத் தாயா இருந்தா, அவ மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

எழுதியவருக்கென்ன, மேடையில் அது ஒரே ஒரு வரி.

"நல்லா இருந்துச்சா அக்கா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசு. பின்னாடி உக்காந்திருக்கிறவளுக்கும் கேக்கணும்ல" என்றேன்.